தமிழரசிக்குள் தமிழ் இல்லையா? பெயரெழுத்தில் சொல் தேடும் ஆட்டத்துக்கு ஒரு தீர்ப்பு வேண்டும்

சின்னச் சித்தி:

வீட்டில் ஒரு பஞ்சாயத்து. நடுவராக இருந்த நானே இப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன்.

அக்கா குடும்பம் விடுமுறைக்கு வந்திருக்கிறது. அக்கா மகளுக்கு ஒன்பது வயது. போனைப் பிடுங்கி வைத்தாயிற்று, பதிலுக்கு எதையாவது கொடுக்க வேண்டுமே. சின்ன வயதில் நாங்கள் ஆடியது ஞாபகம் வந்தது. அவரவர் பெயரைத் தாளின் தலைமாட்டில் எழுத வேண்டும். அந்த எழுத்துகளைக் கலைத்து வேறு சொற்கள் செய்ய வேண்டும். பெயரில் ஒரு எழுத்து எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறைதான் எடுக்கலாம். பத்து நிமிடம். எழுத்துக்கு ஒரு மதிப்பெண்.

அக்கா பெயர் வசந்தி. பேனா மூடியைக் கழற்றும் முன்பே வசதி, சந்தி, சதி என்று மூன்றைச் சொல்லிவிட்டாள். அத்தான் சரவணன். தாளையே முறைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று 'வரன்' என்றார், பின்னாலேயே 'சவரன்' என்றார். மாதவியான எனக்கு 'தவி'யைத் தவிர ஒன்றும் தேறவில்லை, பத்து நிமிடமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

குட்டியின் பெயர் தமிழரசி. அவள் யோசிக்கவே இல்லை. முதல் வரியில் தமிழ், இரண்டாவது வரியில் அரசி. எழுதிவிட்டு ஜெயித்த முகத்தோடு நிமிர்ந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "செல்லம், உன் பேர்ல 'ழ' தான் இருக்கு, 'ழ்' இல்லை. 'அ'வும் இல்லை. ரெண்டும் செல்லாது" என்றேன். தாளைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தின் மேலும் பென்சிலை வைத்து எண்ணினாள்: த, மி, ழ, ர, சி. அப்புறம் என்னைப் பார்த்து, "அப்ப என் பேருக்குள்ள என் பேரே இல்லையா?" என்றாள். பென்சில் பறந்தது. இன்னும் ஃபிரிட்ஜுக்கு அடியில்தான் கிடக்கிறது.

இரவு ஒரு எழுத்துக் கலைக்கும் இணையதளத்தில் அவள் பெயரைப் போட்டுப் பார்த்தேன். வந்ததில் பாதி, புள்ளி வைத்த வட்டங்கள். எழுத்தில்லாமல் வெறும் கொக்கிகள் வரிசையாகத் தொங்கின.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. தமிழில் இந்த ஆட்டத்துக்கு 'எழுத்து' என்று எதைக் கணக்கில் கொள்வது? நான் கொடுத்த தீர்ப்பு சரியா? நாளை மாலைக்குள் பதில் வந்தால் புண்ணியம். அவள் என்னோடு பேசுவதில்லை.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்:

அம்மா, உங்கள் தீர்ப்புக்கு மரபின் துணை இருக்கிறது. ஆனாலும் நான் குழந்தையின் கட்சி. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஆட்கள் எழுத்தை வைத்து ஆடியபோதெல்லாம் உயிர்மெய்யை உடைக்காமல் முழு எழுத்தாகத்தான் எடுத்தார்கள். 'விகடகவி'யைத் திருப்பினால் விகடகவி. வி, க, ட, க, வி என்று எண்ணினால்தான் அது நடக்கும். மெய் வேறு உயிர் வேறாகப் பிரித்துத் திருப்பிப் பாருங்கள், 'இவகடகிவ்' என்று ஏதோ விக்கல் மாதிரி வரும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய திருமாலைமாற்று மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் பாட்டுகள் அவை. அங்கும் கணக்கு முழு எழுத்துதான். வால்மீகி 'மரா மரா' என்று சொல்லச் சொல்ல அது 'ராம ராம' ஆயிற்று என்னும் கதையிலும் ம, ரா இரண்டும் இடம்தான் மாறுகின்றன, உடையவில்லை.

ஒரு சொல்லிலிருந்து எழுத்தைக் கழித்துக் கழித்து வேறு சொல் காண்பதற்குத் தண்டியலங்காரத்தில் பெயரே உண்டு: அக்கரச் சுதகம். கநகாரி, நகாரி, காரி. முதலாவது திருமால், இரண்டாவது முருகன், மூன்றாவது ஐயனார். தலையில் ஒவ்வொரு எழுத்தாகக் கிள்ள, தெய்வம் மாறிக்கொண்டே வரும். இதில் 'கநகாரி' என்று தந்நகரம் போட்டு எழுதினால்தான் கழிக்க முடியும். இந்தக் காலத்து வழக்கப்படி றன்னகரம் போட்டால் 'னகாரி' என்று நிற்கும். அந்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது.

இப்போது குழந்தையின் கட்சி. பள்ளிக்கூடத் தேர்வில் 'பிரித்து எழுதுக: தமிழரசி' என்று கேட்டால் என்ன விடை? தமிழ் + அரசி. முழு மதிப்பெண். நன்னூல் 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்கிறது. ழ் என்ற உடல்மேல் அ என்ற உயிர் ஏறியதால் வந்ததுதான் அந்த ழ. குழந்தை கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டிருக்கிறாள். தப்பு என்று சொல்லாதீர்கள், அது வேறு ஆட்டம் என்று சொல்லுங்கள்.

ஆகவே இரண்டு ஆட்டம் வையுங்கள். ஒன்று முழு எழுத்து ஆட்டம். இன்னொன்று பிரித்த எழுத்து ஆட்டம். எது என்பதைத் தாள் கொடுக்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். ராதா, தாரா இரண்டும் முதல் ஆட்டத்திலேயே ஒன்றுக்கொன்று மாறும். ராமனை மாரனாக்க இரண்டாவது ஆட்டம் வேண்டும், ஏனென்றால் ரா, ம இரண்டும் உடைந்து அவற்றின் உயிர்கள் இடம் மாறியாக வேண்டும்.

தேடுவதற்கு ஒரு சூட்சுமம். ட, ண, ழ, ள, ற, ன இந்த வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. ர, ல வரிசைகளும் அப்படித்தான் என்றாலும் ரதம், லாபம் என்று வெளியிலிருந்து வந்தவற்றை இன்று யாரும் தள்ளுவதில்லை. புள்ளி வைத்த எழுத்து முதலில் நிற்கவே நிற்காது. க், ச், ட், த், ப், ற் இறுதியில் நிற்காது. இவற்றைக் கழித்துவிட்டால் எந்த எழுத்தை முதலில் வைப்பது என்பது பாதி முடிவாகிவிடும். யாழினி மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் முழு எழுத்து ஆட்டத்தில் பரிதாபம். யா, ழி, னி மூன்றில் முதலில் நிற்கக்கூடியது யா ஒன்றுதான்.

---

அரைப்புள்ளி:

அந்தப் புள்ளி வட்டத்துக்கு விளக்கம் நான் சொல்கிறேன், என் பிழைப்பே அதுதான்.

யூனிகோடில் 'மி' என்பது ஒரு எழுத்து கிடையாது. 'ம' ஒரு குறியீடு, அந்தக் கொக்கி இன்னொரு குறியீடு. தமிழரசி நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. அந்த இணையதளம் ஆங்கிலத்துக்காக எழுதியது, ஏழையும் ஏழு தனி எழுத்து என்று நினைத்துக் குலுக்கியிருக்கும். கொக்கி முதலில் வந்து விழுந்தால் அது உட்கார ஒரு மெய் இல்லை. 'இங்கே ஓர் எழுத்து இருந்திருக்க வேண்டும்' என்று காட்டத்தான் அந்தப் புள்ளி வட்டம்.

நானே ஒருமுறை இதை எழுதிப் பார்த்து மாட்டிக்கொண்டேன். குறிகளை முன்னால் இருக்கும் மெய்யோடு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒரே குறியாகவும் போடலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. நிரலுக்கு வேறு வேறு. அதைச் சரிசெய்தால் அடுத்த வினை: 'கௌ' என்று வர வேண்டிய இடத்தில் பாதிப் பேர் 'கெள' என்று ள போட்டுத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். என் சொற்பட்டியலில் கெளரவம், கௌரவம் இரண்டும் இருந்தன. ஒன்று ஐந்தெழுத்து, இன்னொன்று நாலெழுத்து. எது கௌரவமானது என்று கண்டுபிடிக்கவே ஒரு ராத்திரி போயிற்று.

எல்லா வரிசையையும் உருட்டித் தேடாதீர்கள். ஐந்து எழுத்துக்கு 120 வரிசை, அது பரவாயில்லை. தமிழரசியைப் பிரித்தால் பத்து ஒலி வருகிறது: த் அ ம் இ ழ் அ ர் அ ச் இ. அ மூன்று முறை, இ இரண்டு முறை. அதைக் கழித்தும் 302400 வரிசை. முக்கால்வாசி வாயிலேயே நுழையாது. மாற்று வழி: அகராதியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசைப்படி அடுக்கி, அதை அந்தச் சொல்லுக்கு ஒரு சாவியாக வையுங்கள். ராதாவின் சாவி தா-ரா. தாராவின் சாவியும் தா-ரா. சாவி ஒன்றானால் சொல் கலைந்து வந்தது என்று பொருள். கையால் ஆடும்போதும் இது உதவும். பெயரை அகர வரிசையில் மாற்றி எழுதிவிட்டாலே பழைய பெயர் கண்ணை மறைப்பது நிற்கும்.

---

கட்டெறும்பு:

வாத்தியாரும் கம்ப்யூட்டரும் பேசி முடிச்சாச்சா? இப்ப நான்.

நான் இதை பஸ்ல, வரிசையில நிக்கும்போது, மீட்டிங்ல எல்லாம் விளையாடுற ஆள். யார் பேரைக் கேட்டாலும் மண்டைக்குள்ள கலைச்சுப் பார்த்துடுவேன். கெட்ட பழக்கம். விமலான்னு ஒரு மேடம் கையெழுத்து கேட்டு நின்னாங்க, "உங்க பேரைக் கலைச்சா ஒரு நாடு வருது"ன்னு சொல்லிட்டேன். மலாவி! ஆப்பிரிக்காவுல இருக்கு. ஒரு எழுத்து மிச்சமில்லை. அவங்க கையெழுத்து வாங்காமலே போயிட்டாங்க.

என் சேமிப்புல இருந்து: மாலா, லாமா. கயல்விழியில கயல், விழி எல்லாருக்கும் தெரியும். க, ல், வி எடுத்தா கல்வி. மதிவாணனுக்குள்ள ஒரு திவான். மணிமேகலை ஒரு சுரங்கம்: மணி, மலை, கலை, கணி, மேலை, கமலை. சாரதாவுக்குள்ள சாதா (எங்க பெரியம்மா பேரு, அதுக்கு அவங்க விட்ட முறைப்பு சாதா இல்லை). பாரதிக்குள்ள பாதி. அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்சது இது: வெண்ணிலாவுக்குள்ள நிலா கிடையாது, ஏன்னா அங்க இருக்கிறது ணி. நிர்மலாவுக்குள்ள நிலா இருக்கு! சுமதியில திசு வரும், சுதி வரும். மசூதியும் வந்திருக்கும், சு கொஞ்சம் நீண்டிருந்தா.

எச்சரிக்கை: ரமணின்னு யாராவது இருந்தா மூணு எழுத்தையும் முழுசாக் கலைச்சுப் பார்க்காதீங்க. பார்த்தாலும் வாயை மூடிக்கோங்க.

உங்க அக்கா பேரை வெச்சு ஒரு விடுகதையே போடலாம். நாலெழுத்துப் பெண், மூணாவது போனா வாழ்க்கை சுகம், முதலாவது போனா தெருக்கள் கூடும், ரெண்டும் போனா ராஜாவே நடுங்குவார். பாப்பாகிட்ட கேட்டுப் பாருங்க.

பிரிச்சு ஆடுறதுன்னா தாள் வேண்டாம், அட்டை வெட்டுங்க. மெய் ஒரு நிறம், உயிர் ஒரு நிறம். கையால நகர்த்தும்போது வர்ற சொல்லு பென்சிலால வராது.

ஆமா, உங்க பேரு மாதவின்னு சொன்னீங்களே. திருப்பிப் படிச்சுப் பார்த்தீங்களா?

---

வழிப்போக்கன்:

இதுக்கு இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு? எல்லார் பேரையும் ஆங்கில எழுத்துல போட்டுட்டா 26-ல முடிஞ்சுது.

---

சின்னச் சித்தி:

@வழிப்போக்கன், அதைச் செய்தால் அவள் பெயரில் ழ எங்கே போகும் என்று அவளே கேட்பாள். நான் மாட்டேன்.

மற்றவர்களுக்கு நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் பழைய காலண்டர் அட்டையில் பத்துச் சதுரம் வெட்டினேன். த், ம், ழ், ர், ச் நீலத்தில். அ மூன்று, இ இரண்டு சிவப்பில். சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துவிட்டுச் சும்மா நகர்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் முதல் வேலையாகத் தமிழையும் அரசியையும் அடுக்கி வைத்திருக்கிறாள். பத்தும் தீர்ந்துவிட்டது, ஒன்றும் மிச்சமில்லை. அதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே சொன்னேன்: "நேத்து சித்தி வேற ஆட்டம் ஆடினேன், நீ வேற ஆட்டம் ஆடினே." சமாதானம் ஆனாளா தெரியவில்லை, ஆனால் "அப்ப நேத்து மார்க்கு?" என்றாள். ஆறு மதிப்பெண்ணை வட்டியில்லாமல் கட்டினேன்.

அப்புறம் மழை மாதிரிக் கொட்டியது. சரி, மதி, சதி, மிதி, தரம், ரதம், இதழ், அதிர். இரண்டு அ-வையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்து "இது ஆ" என்று சாதித்து 'மாசி' செய்யப் பார்த்தாள். அக்கா தள்ளுபடி செய்துவிட்டாள். அந்தக் கோபத்தில் வந்த சொல்தான் திமிர். த், இ, ம், இ, ர். அதை அடுக்கிவிட்டு அம்மாவைப் பார்த்த பார்வையும் அதுதான்.

அத்தானுக்கு உதவக்கூடாது என்று கட்டளை. அவர் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். திடீரென்று அவருக்கு மூச்சு மாறியது. எதையோ பார்த்துவிட்டார், சொல்லவும் முடியவில்லை. "ஒரு அ-வை மட்டும் முன்னாடி கொண்டு வாயேன்" என்றார். கொண்டு வந்தாள். அடுத்து தி வைத்தாள், 'அதி' ஆயிற்று. ர வைத்தாள். அங்கே நின்றாள். விரல் ச் மேல் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. கடைசி அ-வை அதன் பக்கத்தில் தள்ளி, ம்-மை மூலையில் வைத்தாள்.

அதிரசம்!

வீடே கத்தியது. பத்தில் எட்டு. இவ்வளவு நாள் அந்தப் பெயருக்குள் அது உட்கார்ந்திருக்கிறது, பெயர் வைத்த எங்கள் யாருக்கும் தெரியாது. மிச்சம் இ, ழ் இரண்டும் கிடக்கின்றன. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை என்றுதான் இப்போது அவளுக்குக் கவலை. தமிழ் + அரசி இல்லாமல் பத்தையும் தீர்க்க வழி உண்டா, வாத்தியார் ஐயா?

---

ஓய்வுபெற்ற வாத்தியார்:

அதிரசம் எனக்குத் தோன்றவே இல்லை. குழந்தைக்கு என் வணக்கம்.

பத்தும் தீர ஒரு வழி: சதிர், அமிழ. சதிர் என்பது நாட்டியத்தின் பழைய பெயர். அமிழ என்றால் மூழ்க. ச் அ த் இ ர் ஐந்து, அ ம் இ ழ் அ ஐந்து. சரி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு அ சேர்ந்து ஆ ஆகும் என்று அவள் சொன்னது வடமொழிப் புணர்ச்சியில் நடக்கும், சிவ + ஆலயம் சிவாலயம் ஆவதற்குத் தங்கை முறை. இந்த ஆட்டத்தில் அ வேறு, ஆ வேறு. அக்கா தள்ளியது சரி.

---

சின்னச் சித்தி:

சரி பார்த்தாள். மூன்று முறை. "சதிர்னு யாரும் பேசிக் கேட்டதில்ல, ஆனா வாத்தியார் சொன்னா ஒத்துக்கலாம்" என்று பெரிய மனதோடு எழுதிக்கொண்டாள். நோட்டின் பின்னட்டை உள்பக்கம் நிறைந்துவிட்டது, அடுத்து பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயர்களை ஆரம்பித்திருக்கிறாள்.

@கட்டெறும்பு, நீங்கள் கேட்டதை நான் திருப்பிப் படிக்கும் முன் அவள் படித்துவிட்டாள். வி, த, மா. வாத்தியார் ஐயா, 'விதமாக' என்பதுதான் எழுத்து வழக்கு, 'விதமா' செல்லாது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நேற்றிலிருந்து என்னை 'ஒரு விதமா சித்தி' என்றுதான் கூப்பிடுகிறாள், அக்காவும் சேர்ந்துகொண்டாள்.